தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து பாடியவர்கள்: யிட்டிஷ் சேர்ந்திசையும் தொழிலாளர் இயக்கமும்

வடக்குச்சன்னல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் டொராண்டோவில் ஒரு சிறிய சேர்ந்திசைக் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன். இந்த முறை எங்களுக்கு ஒரு யிட்டிஷ் பாட்டு கொடுத்திருக்கிறார்கள். "மைன் யிங்கெலெ". என் சின்னப் பையன் என்று பொருள். மூன்று வாரமாக அந்தப் பாட்டு என்னை விடவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எழுதியவர் மோரிஸ் ரோசன்ஃபெல்ட். நியூயார்க் தையல் பட்டறைகளில் வேலை பார்த்தவர். 1887இல் எழுதியது. ஓர் அப்பா விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போகிறார், திரும்பி வரும்போது பிள்ளை தூங்கிவிட்டது. இன்று பையன் எப்படி விளையாடினான், என்னென்ன பேசினான் என்று மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். தொட்டிலருகே போய் நிற்கிறார். தூக்கத்தில் பிள்ளையின் உதடு அசைகிறது, "அப்பா எங்கே?" என்று கேட்பது போல. நீ ஒருநாள் விழித்துப் பார்க்கும்போது நான் இருக்கமாட்டேனே என்று அப்பா நினைப்பதோடு பாட்டு முடிகிறது.

முதல் ஒத்திகையில் நாங்கள் எல்லோரும் இதைத் தாலாட்டு மாதிரி குழைத்துக் குழைத்துப் பாடினோம். எங்கள் நடத்துநர் நிறுத்திவிட்டு, "இந்த ஆள் பிள்ளையைத் தூங்க வைக்கவில்லை. பிள்ளை எழுந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டு நிற்கிறார்" என்றார். அப்புறம் பாட்டே மாறிவிட்டது.

சொற்களைத் தமிழெழுத்தில் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பழகுகிறேன். யிட்டிஷில் தொண்டையிலிருந்து உரசிக்கொண்டு வரும் ஓர் ஒலி உண்டு. 'நான்' என்பதற்கான சொல்லிலேயே அது இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பெண்கள் அதை 'க்' என்று சொல்லித் திருத்தம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் ஆய்தம் போட்டு "இஃ" என்று எழுதினேன். அஃது, இஃது என்று சொல்வது போலச் சொன்னேன், சரியாக வந்தது!

என் கேள்வி இதுதான். பதினாலு மணி நேரம் குனிந்து தைத்த மனிதர்கள் எதற்காக மாலையில் ஓர் அறையில் கூடி, நாலு குரலாகப் பிரிந்து பாடக் கற்றுக்கொண்டார்கள்? இதைப் பற்றித் தெரிந்தவர்கள் வந்து பேசுங்களேன்.

பாவோட்டி எழுதியது:

அக்கா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீடு தறி வீடு. அப்பா ராத்திரி ஷிஃப்ட் போய்விட்டு வந்து படுப்பார், நாங்கள் பள்ளிக்கூடம் போய்விடுவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முகம் பார்த்துப் பேசுவோம்.

ரெண்டு சந்தேகம். யிட்டிஷ் வேறு, எபிரேயம் வேறா? அப்புறம், அவ்வளவு நேரம் வேலை செய்தால் பாட்டு பழக நேரம் எங்கிருந்து கிடைத்தது?

தாள்மணம் எழுதியது:

பாவோட்டி தம்பி, இரண்டும் வேறு. எபிரேயம் வழிபாட்டுக்கும் வேதத்துக்கும் உரிய மொழி. யிட்டிஷ் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி, சந்தை மொழி. உடம்பு ஜெர்மானிய மொழியுடையது, எபிரேயமும் ஸ்லாவியச் சொற்களும் நிறையக் கலந்தது, எழுதுவது எபிரேய எழுத்தில். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் பேசினார்கள். படித்தவர்கள் அதைக் கொச்சை என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த மொழியை மேடையேற்றியதில் தொழிலாளர் இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டீர்கள். அந்த நேரத்துக்காகத்தான் முதல் போராட்டமே. வில்னா நகரத்தில் (இன்று லிதுவேனியாவின் வில்னியஸ்) 1890களில் சின்னச் சின்னப் பட்டறைகள்தான். தையல், காலுறை பின்னுதல், செருப்பு, தூரிகைக்குப் பன்றிமயிர் சீவுதல். கைவினைஞரின் வேலை நாள் 12 மணி நேரம், சாப்பாட்டு இடைவேளை உட்பட, என்று இரண்டாம் கேத்தரின் காலத்துச் சட்டம் ஒன்று, 1785ஆம் ஆண்டுச் சட்டம், புத்தகத்தில் அப்படியே இருந்தது. யாரும் மதிக்கவில்லை. இயக்கத்தார் அதைத் தோண்டி எடுத்து, "நாங்கள் கேட்பது உங்கள் மகாராணி போட்ட சட்டத்தைத்தான்" என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். தையற்காரர்களின் நாட்டுப்பாட்டு ஒன்று உண்டு. ஊசியை ஏற்றி இறக்கும் தாளத்திலேயே போகும். அதில் வேலைநிறுத்தத்தால் கிடைத்த வெற்றியைச் சொல்லும் அடி வருகிறது: இனிமேல் எட்டு முதல் எட்டு வரைதான் வேலை! பன்னிரண்டு மணி நேரம் வேலை என்பதைக் கொண்டாடிப் பாடியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1897இல் அதே வில்னாவில் 13 பேர் ரகசியமாகக் கூடிப் 'பண்ட்' என்ற யூதத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார்கள். கூட்டம் போடத் தடை. அதனால் காட்டுக்குள் கூடுவார்கள். இல்லையென்றால் மாலையில் ஏதாவது ஒரு தெருவில் இரண்டிரண்டு பேராக உலாவிக்கொண்டே பேசுவார்கள். அந்தத் தெருவுக்கு 'பிர்ஷெ' என்று பெயர், வணிகர்கள் கூடும் சந்தைக்கான சொல். துண்டறிக்கை வைத்திருந்தால் சிறை. பாட்டைச் சட்டைப் பையில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. படிக்கத் தெரியாத தூரிகைத் தொழிலாளிக்கும் பாட்டு போய்ச் சேரும். பண்டின் கட்சிப் பாட்டான "தி ஷ்வுயெ" (சபதம்) 1902இல் வந்தது. எழுதியவர் அன்ஸ்கி. பின்னாளில் 'திபுக்' நாடகத்தால் உலகம் அறிந்தவர் அவர்தான். வானமும் பூமியும் சாட்சி, நட்சத்திரங்கள் சாட்சி, இரத்தத்தாலும் கண்ணீராலும் ஆன சபதம் என்று போகும் பாட்டு. கைதான பின்பும் பாடினார்கள், சவ ஊர்வலங்களிலும் பாடினார்கள்.

கீழ்க்கட்டை எழுதியது:

நான் நாகர்கோவில் பக்கம் தேவாலயப் பாடகர் குழுவில் பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடி வளர்ந்தவன். அதனால் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, நாலு குரல் எங்கிருந்து வந்தது என்பதுதான். காட்டுக்குள் எல்லோரும் ஒரே மெட்டை ஒரே குரலில் பாடுவது வேறு. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று பிரிந்து நிற்பது வேறு. அதற்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும், வாரா வாரம் வர வேண்டும், பக்கத்து ஆள் வேறொன்றைப் பாடும்போது தன் சுரத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் பயிற்சி அது.

தேடிப் பார்த்ததில் ஒரு வேர் யூதர்களின் ஜெபக்கூடத்திலேயே இருக்கிறது. ஹாசன் என்ற தலைமைப் பாடகரைச் சுற்றிச் சிறுவர்கள் துணைக்குரல் பாடுவார்கள், மெஷோர்ரிம் என்று அவர்களுக்குப் பெயர். ஏழை வீட்டுப் பையன்களுக்கு அதுதான் இசைப் பள்ளி. பெரிய ஊர் ஜெபக்கூடங்களில் மேற்கத்திய முறையில் முழுக் குழுவே இருந்தது. இடதுசாரிக் குழுக்களை நடத்திய ஆட்களைப் பார்த்தால் பல பேர் இப்படிச் சிறுவயதில் ஜெபக்கூடத்தில் பாடியவர்கள்.

யாக்கோப் ஷேஃபர் என்பவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1888இல் உக்ரைனின் கிரெமெனெட்ஸில் பிறந்தவர். சிறுவயதில் ஜெபக்கூடப் பாடகர், தொழிலால் தச்சர். அமெரிக்காவுக்கு வந்து, 1914இல் சிகாகோவில் யூதத் தொழிலாளர்களின் பாட்டுக் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் "ஃப்ரைஹைட் கெசாங் ஃபெரைன்" (விடுதலைப் பாட்டுச் சங்கம்) என்ற பெயர் இப்படிப்பட்ட குழுக்களுக்கு நிலைத்தது. 1920களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலும் ஒன்று, அப்புறம் ஊருக்கு ஊர். யிட்டிஷ் எழுத்தாளர் பெரெட்ஸ் எழுதிய கவிதையை எடுத்து "இரண்டு சகோதரர்கள்" என்று குழுவும் வாத்தியங்களும் சேர்ந்து பாடும் பெரிய படைப்பாக்கினார். சுருக்கெழுத்துப் போடும் பெண்ணும் கோட்டுக் கைப்பட்டி தைப்பவரும் நின்று பாடுவதற்காக ஒருவர் அவ்வளவு கடினமான இசையை எழுதியிருக்கிறார். "இவர்களுக்கு இது போதும்" என்று எளிதாக்கவில்லை. எனக்கு ஷேஃபரிடம் பிடித்தது இதுதான். 48 வயதில், 1936இல் இறந்துவிட்டார்.

செம்பருத்தி எழுதியது:

இன்னொன்றைச் சேர்க்கலாமா? ஆசாரமான யூத மரபில் ஆண்கள் கேட்கப் பெண் பாடக் கூடாது. ஜெபக்கூடக் குழுவில் மேல்குரலைச் சிறுவர்களே பாடியதற்குக் காரணம் அதுதான். தொழிலாளர் குழுவில் பெண்கள் ஆண்களோடு ஒரே மேடையில் நின்றார்கள். கட்சிப் பாட்டைப் பாடியது புரட்சி என்றால், சொப்ரானோ வரிசையில் ஒரு பெண் நின்றது அதற்கு முந்திய புரட்சி. பட்டறையில் பாதிப் பேர் இளம் பெண்கள்தானே. பாட்டின் அடிகள் "சகோதரர்களே" என்று மட்டும் தொடங்காமல் "சகோதரர்களே, சகோதரிகளே" என்று தொடங்குவதைக் கவனியுங்கள். அந்த "ஷ்வுயெ"யே அப்படித்தான் தொடங்குகிறது.

1909 நவம்பரில் நியூயார்க் கூப்பர் யூனியன் மண்டபத்தில் நடந்ததும் இதோடு சேர்ந்ததுதான். பெரிய தலைவர்கள் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுப் பெண் எழுந்து யிட்டிஷில் பேசினார். பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்றார். கூட்டம் முழுவதும் கையைத் தூக்கி, நான் துரோகம் செய்தால் இந்தக் கை வாடிப் போகட்டும் என்று சத்தியம் செய்தது. சட்டை தைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். 'இருபதாயிரம் பேரின் எழுச்சி' என்று சொல்வது அதைத்தான்.

அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீ. 146 பேர். கதவு பூட்டியிருந்தது. ரோசன்ஃபெல்டின் "மைன் ரூ பிளாட்ஸ்" (என் இளைப்பாறும் இடம்) பாட்டு அந்தத் தீயில் இறந்தவர்களுக்காக எழுதியது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மிர்ட்டில் செடி பூக்கும் இடத்தில் என்னைத் தேடாதே, மிஷின்கள் உயிரை வாட்டும் இடத்தில் தேடு என்று வருமே, அந்தப் பாட்டு.

தாள்மணம் எழுதியது:

செம்பருத்தி, பெண் குரல் பற்றி நீங்கள் சொன்னது இந்த இழையில் வந்த முக்கியமான கருத்து என்பேன்.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும். "மைன் ரூ பிளாட்ஸ்" தீ விபத்துக்குப் பல ஆண்டுகள் முந்தியது. 1911 மார்ச் 25க்குப் பிறகு ரோசன்ஃபெல்ட் வேறொரு கவிதை எழுதினார். 'ஃபோர்வெர்ட்ஸ்' நாளிதழ் நாலு நாளில் அதை முதல் பக்கத்தில் போட்டது. ஆனால் நினைவு நாள்களில் மக்கள் பாடுவது பழைய பாட்டைத்தான். காரணம் ஊகிக்கலாம். முன்பே மனப்பாடம், முன்பே குழுக்களின் வாயில் இருந்தது. துக்கம் வந்தபோது கைக்கு எட்டிய பாட்டு அதுவாக இருந்திருக்கும். அதனால் நீங்கள் கேள்விப்பட்டதும் ஒருவகையில் உண்மைதான், அந்தப் பாட்டை இறந்தவர்களுக்கு உரியதாக்கியது பாடியவர்கள்.

வடக்குச்சன்னல் எழுதியது:

எவ்வளவு செய்தி! நன்றி எல்லோருக்கும்.

கவிஞர் தாவிட் எடெல்ஷ்டாட்டை யாரும் இன்னும் சொல்லவில்லை, எனக்கு மனசு கேட்கவில்லை. 1866இல் ரஷ்யாவின் கலூகாவில் பிறந்தவர். வீட்டு மொழி ரஷ்யன். கீவ் நகரத்தில் யூதர்களுக்கு எதிராக நடந்த 1881 கலவரத்துக்குப் பின் அமெரிக்கா வந்து, சின்சினாட்டியில் பொத்தான் துளை தைக்கிறார். கூட வேலை செய்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, வளர்ந்த பிறகு யிட்டிஷ் கற்று அதில் எழுதுகிறார். காசநோய். பட்டறைக் காற்று தந்த நோய் என்று அன்றே சொன்னார்கள். டென்வரில் 1892இல் இறக்கும்போது வயது 26. நான் இறந்தால் நம் கொடியை என் கல்லறைக்குக் கொண்டு வாருங்கள், அங்கே என் பாட்டைப் பாடுங்கள், கல்லறைக்குள்ளிருந்து நானும் கேட்பேன் என்று ஒரு பாட்டில் சொல்லியிருந்தார். பாடினார்கள். அவர் பெயரிலேயே பாட்டுச் சங்கங்கள் எழுந்தன.

எழுத்தாளர் பெயரில் வாசகர் வட்டம் வைப்பது எங்கும் உண்டு. இருபத்தாறு வயதில் செத்துப்போன ஒரு தையற்காரரின் பெயரில் கூடி, அவர் கேட்டபடியே அவர் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் முதல் கேள்விக்குப் பதில் எனக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது.

நேர்கோடு எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று நாளாக வாசிக்கிறேன், எல்லாம் ஒரே பக்கமாக இருக்கிறது.

1920களில் அந்த இயக்கம் இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள், 1922இல் தொடங்கிய 'ஃப்ரைஹைட்' நாளிதழ். இன்னொரு பக்கம் 'ஃபோர்வெர்ட்ஸ்', ஆர்பெட்டர் ரிங் என்ற தொழிலாளர் உதவிச் சங்கம். பாட்டுக் குழுக்களும் அதே கோட்டில் பிரிந்தன. இரண்டு குழுவும் அதே ரோசன்ஃபெல்டையும் எடெல்ஷ்டாட்டையும் பாடின, ஆனால் ஒரே மேடையில் நிற்கவில்லை. லாசர் வைனர் என்ற நல்ல இசையமைப்பாளர் முதலில் ஃப்ரைஹைட் குழுவிலிருந்து, அப்புறம் ஆர்பெட்டர் ரிங் குழுவைப் பல பத்தாண்டுகள் நடத்தினார்.

எனக்குப் பெரிய வலி 1952தான். இடதுசாரிக் குழுக்கள் ஃபெஃபர், மார்கிஷ், க்விட்கோ போன்ற சோவியத் யிட்டிஷ் கவிஞர்களின் வரிகளைப் பாடிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 12 இரவு மாஸ்கோவில் அந்த மூன்று பேர் உட்பட 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1956 வரை அரசாங்கம் வாய் திறக்கவில்லை. எங்கே போனார்கள் என்று கேட்டவர்களை அமெரிக்காவில் 'ஃப்ரைஹைட்' பக்கத்தார் எதிரிகள் என்றார்கள். சோவியத் நாட்டில் யூதக் கலை செழிக்கிறது என்று மேடையில் பாடிய நேரத்தில் அந்தப் பாட்டை எழுதியவர்கள் புதைகுழியில் கிடந்தார்கள். குரல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கட்சி பிடித்துக் கொடுத்த தாளைப் பாடினால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம்.

தாள்மணம் எழுதியது:

நேர்கோடு, நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். 1956இல் வார்சாவின் யிட்டிஷ் பத்திரிகை உண்மையை வெளியிட்டபோது, வாழ்நாளெல்லாம் நம்பியவர்கள் உடைந்து போனார்கள். நிறையப் பேர் விலகினார்கள்.

ஆனால் இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. இண்டர்நேஷனல் ஒர்க்கர்ஸ் ஆர்டர் என்று ஒரு சங்கம், 1930இல் ஆர்பெட்டர் ரிங்கிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கியது. மலிவான காப்பீடு, நோய்க்கு உதவி, இறுதிச் சடங்குக்குப் பணம். ஒரு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர். பாட்டுக் குழு, பிள்ளைகளின் யிட்டிஷ் பள்ளி, கோடை முகாம் எல்லாம் அதன் நிழலில் நடந்தன. அதன் கணக்கு வழக்கில் குறை இல்லை. அரசியல் காரணத்தைச் சொல்லி நியூயார்க் மாநிலக் காப்பீட்டுத் துறை அதை 1954இல் கலைத்துவிட்டது. வடக்குச்சன்னல் அக்கா இருக்கும் கனடாவில், மான்ட்ரியாலில் யிட்டிஷ் கவிஞர் வின்செவ்ஸ்கி பெயரில் இருந்த யூதப் பண்பாட்டு மையத்துக்கு 1950இல் போலீஸ் பூட்டுப் போட்டது. கியூபெக்கில் அதற்கென்றே ஒரு பூட்டுச் சட்டம் இருந்தது.

மாஸ்கோவில் எழுதியவர்களைக் கொன்றார்கள், அமெரிக்காவிலும் கனடாவிலும் பாடிய இடங்களை மூடினார்கள். அதற்கும் முன்னால் ஹிட்லர், கேட்டவர்களையும் பாடியவர்களையும் ஊரோடு அழித்திருந்தார். இத்தனைக்கும் நடுவே செவ்வாய்க்கிழமை மாலை ஒத்திகைக்கு வந்துகொண்டே இருந்த ஐம்பது பேரை நான் கட்சியின் கருவி என்று மட்டும் பார்க்க மாட்டேன்.

பாவோட்டி எழுதியது:

நேர்கோடு அண்ணா சொன்னதைப் படித்து ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுதியவர் செத்தது தெரியாமல் அவர் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். தெரிந்த பிறகு அந்தப் பாட்டுகளை என்ன செய்தார்கள்? விட்டுவிட்டார்களா?

கீழ்க்கட்டை எழுதியது:

தம்பி, சிலர் விட்டார்கள். சிலர் அதன் பிறகு இன்னும் விடாமல் பாடினார்கள். ஆகஸ்ட் 12 நினைவு நாளாக ஆனது, கொல்லப்பட்ட கவிஞர்களின் வரிகளையே அன்று பாடினார்கள்.

இதற்கு முன்னோடியாக ஒரு நிகழ்ச்சி. 1949 ஜூனில் பால் ரோப்சன் மாஸ்கோவில் பாடினார். பெரிய அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், டொராண்டோ யூத நாட்டுப்பாடல் குழுவோடும் பாடியவர். (1925இல் தொடங்கிய குழு அது. அக்கா, உங்கள் ஊர்!) மாஸ்கோவில் அவர் ஃபெஃபரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சிறையிலிருந்து அழைத்துவந்து காட்டினார்கள். நண்பர்களுக்கு என்ன நடக்கிறது என்று ரோப்சனுக்குப் புரிந்துவிட்டது. கச்சேரியின் முடிவில், மேடையில், ஃபெஃபரின் பெயரையும் அதற்கு முந்திய ஆண்டு கொல்லப்பட்ட நடிகர் மிகோயெல்ஸின் பெயரையும் சொல்லிவிட்டு, "ஸோக் நிட் கெய்ன்மோல்" பாடினார். வில்னா கெட்டோவில் (நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த பகுதி) 1943இல் ஹிர்ஷ் கிளிக் எழுதிய கொரில்லாப் படைப் பாட்டு. இதுவே என் கடைசி வழி என்று சொல்லாதே என்று தொடங்குவது. மெட்டு ஒரு சோவியத் இசையமைப்பாளருடையது. ஒலிப்பதிவு இருக்கிறது, கேளுங்கள். பாட்டு முடிந்ததும் அரங்கில் எழும் சத்தத்தில் அழுகையும் இருக்கிறது, கைதட்டலும் இருக்கிறது, கூச்சலும் இருக்கிறது.

ரோப்சன் அமெரிக்கா திரும்பிய பிறகு இதைப் பற்றி வெளியே பேசவில்லை. அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்த அரங்கில் அந்த மொழியில் அதைச் சொல்ல ஒரு பாட்டுதான் இருந்தது.

மோர்தெகாய் கெபிர்டிக்கையும் சொல்லிவிடுகிறேன். கிராக்கோ நகரத் தச்சர், சாகும்வரை தச்சர். சுரக்குறிப்பு எழுதத் தெரியாது, குழலில் மெட்டைத் தட்டித் தட்டிக் கண்டுபிடிப்பார், நண்பர்கள் எழுதி வைப்பார்கள். வேலையில்லாதவர்களின் நடைப்பாட்டு ஒன்று எழுதினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டே தொடங்கும். குழுவில் பாஸ் வரிசை அந்த எண்களைக் காலடி போல அடிக்க, மேலே மற்றவர்கள் பாடுவார்கள். நானே வீட்டில் பாடிப் பார்த்தேன், நிற்க முடியவில்லை, கால் தானாக நடக்கிறது. 1942 ஜூனில் கெட்டோவில் ஜெர்மன் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

நேர்கோடு எழுதியது:

கீழ்க்கட்டை சொன்ன ஒலிப்பதிவை இரண்டு முறை கேட்டேன். "கட்சி பிடித்துக் கொடுத்த தாள்" என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். தாள் யாருடையதாக இருந்தாலும், பாடும்போது அது பாடுகிறவர் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் 1952 பற்றிய என் கோபம் அப்படியே இருக்கிறது.

செம்பருத்தி எழுதியது:

இன்றைக்கு இந்தக் குழுக்கள் இருக்கின்றனவா? மொழி பேசுகிறவர்களே குறைந்துபோன பிறகு யார் பாடுகிறார்கள்?

வடக்குச்சன்னல் எழுதியது:

இருக்கின்றன. நியூயார்க்கில் அந்தப் பழைய ஃப்ரைஹைட் குழுதான் யூத மக்கள் ஃபில்ஹார்மோனிக் கோரஸ் ஆகி, இன்று யிட்டிஷ் ஃபில்ஹார்மோனிக் கோரஸ் என்ற பெயரில் இருக்கிறது. 1995 முதல் பின்யூமென் ஷெக்டர் நடத்துகிறார். அவர் குடும்பமே யிட்டிஷைப் பேச்சு மொழியாக வைத்திருக்கும் குடும்பம். ஆனால் குழுவில் பல பேருக்கு யிட்டிஷ் தெரியாது. யூதர் அல்லாதவர்களும் பாடுகிறார்கள். ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்த தாளைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள், நான் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டது போல. அன்றாடம் யிட்டிஷ் பேசுகிறவர்கள் இன்று பெரும்பாலும் ஆசாரமான ஹசிடிக் யூதப் பிரிவினர், அவர்கள் வீட்டில் இந்தப் பாட்டுகளுக்கு இடமில்லை. பாட்டைப் பாடுகிறவர்களுக்கு மொழி தெரியாது. இந்த இடைவெளி எனக்கு வேதனையாக இருக்கிறது.

அதனால்தான் பொருள் தெரியாமல் பாடக் கூடாது என்று எங்கள் ஆல்ட்டோ வரிசையில் முடிவு செய்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பொருள் எழுதினோம். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பாட்டில் அப்பா கூலியைப் பற்றிக் குறை சொல்லவில்லை, முதலாளியைத் திட்டவில்லை. தன் பிள்ளையைக் கண் விழித்த நிலையில் பார்க்க நேரம் இல்லை, அவ்வளவுதான் சொல்கிறார். தாள்மணம் சொன்ன எட்டு முதல் எட்டு வரை என்ற கோரிக்கையும் இதுவும் ஒன்றேதான். போராடி வாங்கிய முதல் மாலை நேரத்தை அவர்கள் பாட்டுக்குக் கொடுத்தார்கள். பாட்டு போராட்டத்துக்கு ஒட்டிய அலங்காரம் இல்லை. எதற்காகப் போராடினார்களோ அதன் ஒரு துண்டை அந்த அறையிலேயே வாழ்ந்து பார்த்துவிட்டார்கள். என் முதல் கேள்விக்கு நான் கண்ட பதில் இது.

வடக்குச்சன்னல் எழுதியது (பதினாறு நாள் கழித்து):

நேற்று கச்சேரி முடிந்தது. கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு தேவாலயக் கீழ்த்தள மண்டபம், எண்பது நாற்காலி. "மைன் யிங்கெலெ" நாலாவதாக வந்தது. எங்கள் ஏட்டில் கடைசி அடியில் மற்ற மூன்று குரலும் நின்றுவிடும், ஆல்ட்டோ மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், தொட்டிலருகே நிற்கிற அந்த ஆள் போல. ஒத்திகையில் எல்லாம் எனக்கு அங்கே மூச்சு போதாது. கீழ்க்கட்டை தனிச்செய்தியில் சொன்னபடி, பக்கத்துப் பெண் மூச்சு வாங்கும்போது நான் பாடினேன், நான் வாங்கும்போது அவள் பாடினாள். சுரம் அறுபடவே இல்லை.

முன்வரிசையில் வயதான ஒரு பெண்மணி, தொண்ணூறு இருக்கும். நாங்கள் பாடும்போது அவர் உதடும் கூட அசைந்துகொண்டிருந்தது. முடிந்ததும் வந்து என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த தமிழெழுத்தைத் தடவி, இது என்ன எழுத்து என்று கேட்டார். சொன்னேன். "இஃ" என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டி வாசித்தேன். சரியாக வருகிறதா என்று கேட்டேன். அவருடைய அப்பா தொப்பித் தொழிற்சாலையில் இருந்தாராம், டெனர் பாடுவாராம், அவர் அந்தச் சொல்லை இன்னும் கொஞ்சம் உள்ளேயிருந்து சொல்வார் என்று சொல்லிக் காட்டினார். நானும் சொன்னேன். இன்னொரு முறை சொல் என்றார்.

அடுத்த செவ்வாய் முதல் கெபிர்டிக்கின் நடைப்பாட்டு தொடங்குகிறோம். கீழ்க்கட்டை, அந்த எண்களைப் பாஸ் வரிசை அடிப்பதை நீங்கள் பாடிப் பதிவு செய்து அனுப்ப முடியுமா? எங்களுக்கு இரண்டே இரண்டு பாஸ்தான் இருக்கிறார்கள்.

கீழ்க்கட்டை எழுதியது:

இன்று ராத்திரியே அனுப்புகிறேன் அக்கா. வேகம் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.